வாசலில் சொன்ன உறவு

கோட்லா, புதுதில்லி
8 ஜூலை 2024

அன்புள்ள அண்ணா,

நீங்களும் தங்கம் அண்ணியும் நலம்தானே? இங்கே என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. உங்கள் காது முழுக்க மந்தமானதில் எனக்கு ஒரு லாபம். போனில் தொண்டை கிழியக் கத்தாமல் மறுபடி கடிதம் எழுதுகிறோம். வாட்ஸ்அப் பக்கமே வரமாட்டேன் என்ற உங்கள் பிடிவாதம் வாழ்க.

விஷயத்துக்கு வருகிறேன். நம் ‘துணை’ இல்லத்தின் பாடு திண்டாட்டமாகிவிட்டது. உங்கள் மாப்பிள்ளை காலமான பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு நான் இந்த வீட்டுப் பின்னறைக்கே வந்துவிட்டேன். முன்னறைகள் இரண்டிலும் ஊரிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளிகள். இந்த வீட்டு வாடகையை இத்தனை காலமாக ஐ.என்.ஏ. மார்க்கெட் பலசரக்குக் கடைக்காரர்தான் கொடுத்துவந்தார். அவர் காலமாகி, பிள்ளைகள் கடையையும் கைமாற்றிவிட்டார்கள். மார்ச் வரை கொடுப்பதாகச் சொன்னதே பெரிய மனசு. அதற்குள் எங்காவது நிதியுதவி கிடைக்காவிட்டால் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

நம் ரோஹிணி, மந்திர் மார்க் பள்ளியில் என்னோடு வேலை பார்த்த டீச்சரின் மகள், குருகிராமில் ஒரு கம்பெனி அறக்கட்டளையைக் கண்டுபிடித்திருக்கிறாள். பெண் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. கம்ப்யூட்டர் வேலை அவளுடையது, உண்மையை எழுதுவது என் வேலை. பழைய கணக்கு அறிக்கைகளைச் சரிபார்க்க நீங்கள் வேண்டும். கூட்டுறவுத் தணிக்கைத் துறையே நடுங்கிய ஆள் அல்லவா?

போன வாரம் திட்டக்குடிப் பக்கத்து அம்மா ஒருவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். உறவுக்காரர் ஒருவருக்குத்தான் உள்ளே போகச் சீட்டு. காவலாளி வழக்கம்போல, “ரிஷ்தா க்யா ஹை?” என்று உறவு கேட்டார். “சோட்டி பஹன்” என்று அந்த அம்மாவைத் தங்கையாக்கினேன். என் நரைமுடியையும் அந்த அம்மாவின் கறுப்பு முடியையும் பார்த்தார். “அச்சா” என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார். நல்ல மனிதர். இத்தனை வருஷத்தில் நான் சித்தி, அத்தை, பெரியம்மா எல்லாம் ஆகிவிட்டேன். நாத்தனார் மட்டும் ஆனதில்லை. அந்தப் பட்டத்தை அண்ணிக்கென்றே தனியாக வைத்திருக்கிறேன்.

உங்கள் லீலா


சிதம்பரம்
22 ஜூலை 2024

அன்புத் தங்கை லீலாவுக்கு ஆசிகள்.

உன் கடிதம் கிடைத்தது. என் காதைக் கிண்டல் செய்த பத்தியை உன் அண்ணி இரண்டு முறை படித்துச் சிரித்தாள். நாங்கள் சுகம். அவளுக்குத்தான் கொஞ்ச நாளாகச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. வெயில் காரணமாக இருக்கும்.

அறிக்கைகளை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பு. பார்த்து வைக்கிறேன். ஒன்று சொல்லிவிடுகிறேன். நிதி கொடுப்பவன் முதலில் பார்ப்பது உன் நல்ல மனசை அல்ல, சங்கப் பதிவு, வரிவிலக்குச் சான்று, தணிக்கை அறிக்கை இவற்றைத்தான். அவை சரியாக இருந்தால்தான் அடுத்த பக்கம் திருப்புவான். அதனால் கண்ணீர்க் கதையை இப்போதே எழுத ஆரம்பிக்காதே.

நீ நடத்துவது நின்றுவிடக் கூடாது. மாப்பிள்ளை அதை ஆரம்பித்தபோது, ‘இதெல்லாம் தேறாது’ என்று சொன்னவன் நான். தேறிவிட்டது. அதனால் எனக்கும் அதில் ஒரு அக்கறை.

அன்புடன்,
பூவராகவன்

லீலா, நான் தங்கம். உங்கள் தில்லியில் இப்போதும் முருங்கைக்காயை ஒவ்வொன்றாக விலை சொல்லித்தான் விற்கிறார்களா? இங்கே மரம் பூராவும் காய்த்துத் தொங்குகிறது. சாப்பிடத்தான் முடியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.


கோட்லா
9 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணா, அண்ணி,

நலம், நலமே வேண்டும். அண்ணி, முருங்கைக்காய் இப்போதும் தங்கம் போலத்தான், பெயர்ப் பொருத்தம் பாருங்கள். வயிற்றை டாக்டரிடம் காட்டுங்கள், வெயில் மேல் பழி போடாதீர்கள்.

விண்ணப்பத்தை ஆரம்பித்துவிட்டோம். அண்ணா, இது ஒரு வேறு பாஷை. தமிழும் இல்லை, இந்தியும் இல்லை, நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷும் இல்லை. ‘உங்கள் சேவையால் ஏற்பட்ட அளவிடத்தக்க மாற்றம் என்ன?’ என்று ஒரு கேள்வி. ‘அவர்கள் அங்கே தனியாக நிற்கவில்லை’ என்று எழுதச் சொன்னேன். ரோஹிணி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

“நம்பர் வேணும் ஆன்ட்டி. ஃபீலிங்ஸ் எல்லாம் அவங்க எடுத்துக்க மாட்டாங்க.”

“எத்தனை பேர் குணமானாங்கன்னா கேக்கறாங்க? அது டாக்டர் வேலைடி. நம்ம வேலை கூட நிக்கறது.”

“அதத்தான் எப்படி ப்ரூவ் பண்றது?”

 எந்த ஜன்னலில் சீட்டு வாங்குவது, ரத்தம் எங்கே கொடுப்பது, டாக்டர் இந்தியில் சொன்னது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று தெரியாமல் நிற்கும் ஆளின் முகத்தை எந்தக் கட்டத்தில் நிரப்புவது? கடைசியில் ரோஹிணியே ஒரு வழி கண்டாள். ஆஸ்பத்திரி வாசலில் தரும் அந்த உள்ளே போகும் சீட்டுகளை நான் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன் அல்லவா? நோயாளி பெயர், கூடப் போனவர் பெயர், முத்திரை எல்லாம் இருக்கிறது. நாம் கூட நின்றதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? டப்பாவோடு எடுத்துப்போய் ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறாள்.

லீலா


சிதம்பரம்
27 ஆகஸ்ட் 2024

அன்புள்ள லீலா,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அறிக்கைகள் பார்த்தாயிற்று. இரண்டு இடத்தில் கூட்டல் பிழை. பென்சிலால் குறித்திருக்கிறேன், உன் ஆடிட்டரிடம் மெதுவாகச் சொல்.

ஒரு வேலையாக நாங்கள் இருவரும் புதுச்சேரி போய்வந்தோம். அதனால் தாமதம்.

ஒன்று கேட்க வேண்டும். எங்கள் காலத்தில் அரசு மானியங்களில் ஒரு நிபந்தனை இருக்கும். பொறுப்பாளர்களின் உறவினர் யாரும் அந்தப் பணத்தில் பயன் அடையக் கூடாது என்று. இந்த அறக்கட்டளையிலும் அப்படி ஏதாவது இருக்கிறதா? இருந்தால் எந்த நாளிலிருந்து? வார்த்தை பிசகாமல் எழுது.

பூவராகவன்

தங்கம் எழுதுவது. நலம். நீயும் நலமாக இரு.


கோட்லா
12 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணா,

உங்களுக்கும் அண்ணிக்கும் வணக்கம். இங்கே மழை விட்டு, கொசு பிடித்துக்கொண்டது. மற்றபடி சுகம்.

தணிக்கைக்காரர் மூக்கே மூக்கு! அப்படியே ஒரு நிபந்தனை இருக்கிறது. ‘பொறுப்பாளர்களின் உறவினர் எவரும், விண்ணப்பம் அளித்த நாளிலிருந்து, இல்லத்தில் தங்கவோ சேவையைப் பெறவோ கூடாது. மீறினால் விண்ணப்பம் தள்ளுபடி.’ நான் தலைவி என்பதால் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டேன். யோசிக்கவே இல்லை. எனக்கென்று இருப்பது நீங்கள் இரண்டு பேர்தான். ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள், இனிமேல் அண்ணனே அண்ணியோடு மூட்டை முடிச்சுடன் வந்து நின்றாலும் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவேன். அப்புறம் லீலா மரியாதை தெரியாதவள் என்று சொல்லக் கூடாது.

விண்ணப்பம் நேற்று போய்விட்டது. ரோஹிணி பொத்தானை அமுக்கியதும் இருவரும் ஜிலேபி சாப்பிட்டோம்.  இந்த வயதில் பரீட்சை எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

புதுச்சேரியில் என்ன வேலை? அண்ணி ஏன் ஒரே வரியோடு நிறுத்திவிட்டார்கள்? என் மேல் கோபமா?

லீலா


சிதம்பரம்
4 நவம்பர் 2024

அன்புள்ள லீலா,

தீபாவளி வாழ்த்து தாமதமாகத்தான் சொல்ல முடிகிறது. சௌக்கியமா? தில்லிப் புகையைப் பற்றிப் பேப்பரில் படித்தேன். வெளியே போகும்போது மூக்கை மூடிக்கொள்.

புதுச்சேரி போனது என் காது மிஷின் விஷயமாக. சரிப்படவில்லை. அண்ணிக்கு உன் மேல் என்ன கோபம்? தூங்குகிறாள், எழுப்ப வேண்டாமென்று நானே எழுதி முடிக்கிறேன்.

இங்கே தெரிந்தவர் ஒருவரின் மனைவிக்கு உணவுக் குழாயில் கட்டி. இங்குள்ள டாக்டர், தில்லியில் இருக்கும் தன்னுடைய ஆசிரியரிடம் காட்டச் சொல்லிக் கடிதம் கொடுத்திருக்கிறார். கணவன் மனைவி இருவரைத் தவிர வேறு ஆள் கிடையாது. இந்தியும் தெரியாது. அப்படிப்பட்டவர்கள் தாங்களாகவே அங்கே சமாளிக்க முடியுமா? அவர் கேட்டார், அதனால் கேட்கிறேன்.

பூவராகவன்


கோட்லா
16 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணா,

சௌக்கியம். புகை கண்ணைக் கரிக்கிறது, அவ்வளவுதான். அண்ணி விழித்திருக்கும் நேரமாகப் பார்த்து அடுத்த கடிதம் எழுதுங்கள்.

நல்ல சேதி. முதல் சுற்றில் தேறிவிட்டோம்! மதிப்பீட்டாளர் ஒருவர் ஜனவரியில் நேரில் வருகிறார். ரோஹிணி சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் பிடிக்கிறாள்.

உங்கள் தெரிந்தவரிடம் உடனே புறப்படச் சொல்லுங்கள். தாங்களாகச் சமாளிக்க முடியாது, பொய் சொல்லமாட்டேன். அந்தக் கட்டியெல்லாம் காத்திருக்காது. ஸ்டேஷனுக்கே வந்து அழைத்துக்கொள்கிறேன். முன்னறை ஒன்று காலியாகத்தான் இருக்கிறது. அந்த அம்மாவுக்குக் கஞ்சி, இளநீர் எல்லாம் நான் பார்த்துக்கொள்வேன். பெயரை மட்டும் எழுதி அனுப்புங்கள். வாசலில் நான் அவர்களுக்கு அக்கா ஆகிவிடுகிறேன், தங்கை ஆகிவிடுகிறேன், எது பொருந்துகிறதோ அது.

லீலா


சிதம்பரம்
6 டிசம்பர் 2024

அன்புள்ள லீலா,

நலம், நலமறிய ஆவல்.

அந்தத் தெரிந்தவர் வரவில்லையாம். யோசித்துப் பார்த்து வேண்டாமென்று முடிவு செய்துவிட்டார்கள். நீ அறையைக் காலியாக வைத்திருக்க வேண்டாம், வேறு யாருக்காவது கொடு.

மதிப்பீட்டாளர் வரும்போது அதிகம் பேசாதே. கேட்டதற்கு மட்டும் பதில். நிதி கிடைத்துவிட வேண்டும் என்று இங்கே இரண்டு பேர் உனக்காக நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

பூவராகவன்


கோட்லா
21 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணா, அண்ணி,

பொங்கல் எப்படி? இங்கே குளிரில் பால் பொங்குவதற்குள் எனக்கே பொறுமை போய்விட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை.

மதிப்பீட்டாளர் வந்துபோனார். அக்ஷய் என்று பெயர், சின்னப் பிள்ளை, மரியாதையான பேச்சு. கழிப்பறை வரை பார்த்தார். டீ குடித்தார். அப்புறம் மடிக்கணினியைத் திறந்து அந்தச் சீட்டுகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். விண்ணப்பத்துக்குப் பிறகு சேர்ந்த சீட்டுகளையும் டப்பாவிலிருந்து எடுத்துப் பார்த்தார். எங்களோடு சேர்ந்து ஆஸ்பத்திரிக்குத் துணை போகும் வைத்தி சார் நாலைந்து பேருக்கு மாமா. நான் பாதிப் பேருக்குச் சித்தி, மீதிப் பேருக்கு அத்தை. ரோஹிணி எல்லோருக்கும் மகள்.

“மேடம், உங்க பயனாளிகள் எல்லாருமே உங்க ரிலேட்டிவ்ஸா?” என்று இந்தியில் கேட்டார்.

நான் சிரித்துவிட்டேன், அண்ணா. விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வாசலில் அப்படிச் சொன்னால்தான் உள்ளே விடுவார்கள் என்று விளக்கினேன். “அப்படின்னா ஆஸ்பத்திரியில தப்பான தகவல் கொடுத்திருக்கீங்க” என்றார்.  ஆமென்றால் பொய்க்காரி, இல்லையென்றால் சொந்தக்காரர்களுக்கு மட்டும் செய்தவள். உங்கள் அறிவுரையை மறந்து நிறையப் பேசினேன். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, கைகூப்பிவிட்டுப் போய்விட்டார்.

பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

லீலா


கோட்லா
5 மார்ச் 2025

அன்புள்ள அண்ணா,

ஜனவரிக் கடிதத்துக்கு உங்களிடமிருந்து பதிலே இல்லை. அண்ணியிடம் பேசலாமென்றால் வீட்டுப் போனை யாரும் எடுப்பதில்லை. எப்படி இருக்கிறீர்கள் என்று முதலில் அதை எழுதுங்கள்.

தள்ளுபடி செய்துவிட்டார்கள். ‘பயனாளிகள் பெரும்பாலும் பொறுப்பாளர்களின் உறவினர் என்று தாங்கள் அளித்த சான்றுகளே காட்டுவதால், உறுதிமொழிக்கு முரணானது.’ விளக்கி ஒரு நீளக் கடிதம் எழுதினேன், ரோஹிணி அனுப்பினாள். இந்த முகவரியில் பதில்கள் படிக்கப்படுவதில்லை என்று அடுத்த நிமிஷமே வந்தது. வேறு இரண்டு இடங்களில் தேடினாள். ஒன்றுக்குக் கெடு முடிந்துவிட்டது, இன்னொன்று கல்விக்கு மட்டும். ரோஹிணி சீட்டுகளை அனுப்பியது தன் தப்பு என்று அழுகிறாள். யார் தப்பும் இல்லை. கூட நின்றதற்கு எங்களிடம் வேறு சாட்சியே கிடையாது.

மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இப்போது தங்கியிருக்கும் கடலூர்க்காரரிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் மகளுக்கு அடுத்த மாதம்தான் ஆபரேஷன்.

அண்ணா, அண்ணியின் கையெழுத்தைப் பார்த்து ஆறு மாதமாகிறது. பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன். சாப்பாடு இறங்கவில்லை என்று ஜூலையில் எழுதினீர்கள். நவம்பரில் யாரோ தெரிந்தவர் மனைவி என்றீர்கள். அந்தத் தெரிந்தவரின் பெயரை எனக்கு எழுதுங்கள். இந்தக் கடிதத்துக்கு உடனே பதில் வேண்டும்.

லீலா


சிதம்பரம்
13 மார்ச் 2025

அன்புள்ள லீலா,

பெயர் உனக்கே தெரிந்துவிட்டது. தங்கம்தான்.

ஆகஸ்டில் புதுச்சேரியில் பார்த்தார்கள். தில்லிக்கு எழுதிய கடிதத்தை டாக்டர் செப்டம்பரில் கொடுத்தார். அந்த வாரமே உன் கடிதமும் வந்தது. நீ கேலியாகத்தான் எழுதினாய். இரண்டு பேருக்கும் அது தெரியும், தங்கம் சிரிக்கக்கூடச் செய்தாள். ஆனால் உறுதிமொழி கேலி இல்லையே. நாங்கள் வந்தால் நீ எங்களை வாசலில் நிறுத்தமாட்டாய், விண்ணப்பத்தைத்தான் கிழித்துப் போடுவாய். உன்னை எனக்குத் தெரியாதா?

“நம்ம ரெண்டு பேருக்காக, அங்க வர்ற அத்தன பேரையும் தெருவுல விடச் சொல்றீங்களா? எழுதாதீங்க” என்றாள். நான் எழுதவில்லை. வேறு இடத்தில் அறை எடுக்கலாம் என்றால், காது கேட்காத நானும் பேசினால் வலிக்கிற அவளும் அங்கே யாரிடம் என்ன கேட்பது? தெரிந்தவர் போல வேறு பெயரில் வந்துவிடலாமா என்றும் ஒரு நாள் நினைத்தேன். அதனால்தான் நவம்பரில் உன்னைக் கேட்டேன். நீ உடனே வா என்றாய்.  ஊரார் பொய்க்கணக்கைப் பிடித்தே காலம் தள்ளியவனுக்குச் சொந்தமாக ஒரு பொய் வரவில்லை. நிதியாவது கிடைக்கும் என்று நினைத்தேன், லீலா. அதுவும் போய்விட்டது.

இப்போது டாக்டர் தில்லி வேண்டாம் என்கிறார். பயணம் தாங்காதாம். புதுச்சேரியிலேயே சேர்த்திருக்கிறது. மூக்கு வழியாகக் குழாயில் கஞ்சி போகிறது. ஆளைப் பார்த்தால் அடையாளம் கண்டுகொள்கிறாள். டாக்டர்கள் பேசுவது எனக்குக் கேட்பதில்லை, எழுதிக் காட்டுங்கள் என்றால் எரிச்சல்படுகிறார்கள். நல்ல சேதியா கெட்ட சேதியா என்று முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

உன் மேல் ஒரு வருத்தமும் இல்லை. அவளுக்கும் இல்லை.

பூவராகவன்


கோட்லா
18 மார்ச் 2025

அண்ணா,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு இந்தக் கடிதத்தை ஆரம்பிக்க முடியவில்லை.

எனக்குக் கோபமாக இருக்கிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. உங்கள் மேல், அண்ணி மேல், அந்த ஒரு வரியை எழுதிய என் கை மேல். முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் வாசலில் சித்தி என்று பொய் சொன்னேன், அதை உண்மை என்று எடுத்துக்கொண்டார்கள். உண்மையான உறவு ஒன்றே ஒன்று, அது என்னைக் காப்பாற்ற வெளியிலேயே நின்றுவிட்டது. ஜன்னல் ஜன்னலாக யார் யார் பின்னாலோ அலைந்தேன். என் அண்ணி பக்கத்தில் நிற்கவில்லை.

கடலூர்க்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் ‘சரிங்கம்மா’ என்றுவிட்டு மகளின் துணிகளை மடிக்க ஆரம்பித்தார். ரோஹிணி தன் வீட்டு ஹாலில் அவர்களுக்கு இடம் கேட்டிருக்கிறாள். அவள் அப்பா என்ன சொல்வாரோ தெரியாது. அதற்குமேல் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

சாவியை ரோஹிணியிடம் கொடுத்துவிட்டேன், மாதக் கடைசியில் அவள் ஒப்படைப்பாள். நாளை ரயில். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்துவிடுவேன். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அங்கேயும் வாசலில் ஒருவர் நின்றுகொண்டு என்ன உறவு என்று கேட்பாராம், கடலூர்க்காரர் சொன்னார். கேட்கட்டும். நாத்தனார் என்று சொல்லி உள்ளே வருகிறேன். இத்தனை வருஷத்தில் அதை மட்டும் நான் எந்த வாசலிலும் சொன்னதில்லை.

லீலா